திரையைக் கெடுத்த சிற்றலை

இரண்டாம் உலகப் போரின்போது கப்பலில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரே எரிச்சல். எதிரிக் கப்பலைத் தேடினால், கடலே புள்ளிபுள்ளியாகத் திரையை நிரப்பியது. காற்று வலுத்தபோது தொல்லை இன்னும் கூடியது. கடல்மேல் எழும் சிற்றலைகள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அதை எப்படி ஒழிப்பது என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1960-களில் இரண்டு பேர் மட்டும் அந்தத் தொல்லையை ஆசையோடு பார்த்தார்கள்.

ரேடார் பேராசிரியர் ரிச்சர்ட் மூரும் கடலியலாளர் வில்லார்ட் பியர்சனும்தான் அவர்கள். காற்று கூடினால் சிற்றலை கூடும், எதிரொலியும் கூடும். அந்த எதிரொலியை அளந்தே காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாமே! ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் பார்த்தால் திசையும் பிடிபடும். 1978 ஜூனில் நாசாவின் சீசாட் செயற்கைக்கோள் அப்படி அளக்கும் கருவியோடு பறந்தது. வேலையும் செய்தது, 105 நாள்!

ஷார்ட் சர்க்யூட்டில் சீசாட் செத்தது. நாசாவின் அடுத்த கருவி 1996-ல் ஜப்பானியச் செயற்கைக்கோளில் ஏறியது. பதினொரு மாதம்கூட ஆகவில்லை, சூரியத்தகடு பழுதாகி அதுவும் போனது. அவசரமாகக் கட்டி 1999-ல் அனுப்பிய குயிக்ஸ்காட் மட்டும் பத்தாண்டு தாக்குப்பிடித்தது. 2009 நவம்பரில் அதன் சுழலும் ஆன்டெனாவும் நின்றது.

நல்லவேளை, இரண்டு மாதம் முன்புதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் ஓஷன்சாட்-2 கிளம்பியிருந்தது. அதிலும் ஒரு மீட்டர் அகலத் தட்டு, நிமிடத்துக்கு இருபது சுற்றுக்கு மேல் சுழன்று கடலைத் துழாவியது. வெளிநாட்டு வானிலை மையங்களும் அதன் தரவைக் கேட்டு வாங்கின. 2014-ல் அந்தக் கருவியும் படுத்தது. வேறு திட்டங்களில் மிஞ்சிய பாகங்களையும் போட்டு இஸ்ரோ கட்டிய ஸ்காட்சாட்-1, 2016 செப்டம்பர் 26-ல் பறந்தது. மிச்சம்மீதியில் சமைப்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன!

வானிலைப் படத்தில் அரபிக்கடல்மேல் வரிசைகட்டி நிற்கும் அம்புக்குறிகள் பிறந்த கதை இது. ஜூனில் அந்த அம்புகள் காட்டும் காற்றுதான் கேரளத்தில் மழையைக் கொட்டி, முல்லைப்பெரியாறு அணையை நிரப்பி, கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் தருகிறது. மிச்சக் காற்று மலை இடுக்கில் புகுந்து, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கடல்மேல் அதன் வேகத்தை இப்போது அளப்பவற்றில் ஒன்று, 2022 நவம்பரில் போன ஓஷன்சாட்-3.