மாட்டுத்தாவணி டூ ஒத்தக்கடை: எங்கே முடிகிறது மதுரை மாநகராட்சி? உங்க தெருப் பிரச்னைக்கு யாரைக் கேட்கணும்?

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் ரோட்டில் உத்தங்குடி, ஐகோர்ட் கிளையைத் தாண்டினால் ஒத்தக்கடை. சில நிமிஷப் பயணம்தான். ஆனால் இறங்கும்போது நீங்கள் மதுரை மாநகராட்சியை விட்டே வெளியே வந்திருப்பீர்கள். ஒத்தக்கடை, மதுரை கிழக்கு ஒன்றியத்தில் உள்ள ஊராட்சி. தெருவிளக்கு எரியலைன்னா போய் நிற்க வேண்டிய ஆபீஸும் அங்கே வேறு.

எல்லை எப்படி நகர்ந்தது?

1866-ல் நகராட்சியான மதுரை, 1971 மே 1-ல் மாநகராட்சி ஆனது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தது இதுதான். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் என 3 நகராட்சிகளும், 3 பேரூராட்சிகளும், 11 ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. சுமார் 52 சதுர கி.மீ. இருந்த நகரம் கிட்டத்தட்ட 148 சதுர கி.மீ. ஆனது. வார்டுகள் 72-லிருந்து 100. உத்தங்குடி அப்போது உள்ளே வந்த ஊர்தான்.

சேர்ந்தால் லாபமா?

பாதாளச் சாக்கடை, பெரிய குடிநீர்த் திட்டம் என்று எதிர்பார்த்துத்தான் சேர்கிறார்கள். ஆனால் கிராமப்புற வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். சேர்ந்த மறுநாளே அது போய்விடும். அதை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஓட்டுப் போடுவதிலும் வித்தியாசம் உண்டு. ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரை இப்போது கவுன்சிலர்கள்தான் தேர்வு செய்கிறார்கள். நிர்வாகத்தை நடத்தும் கமிஷனரை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சி என்றால் வருஷத்துக்கு 6 நாள் கிராம சபை. நேரிலேயே கேள்வி கேட்கலாம்.

கேட்க ஆளே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மதுரை மாநகராட்சிக்குக் கவுன்சிலர்களே கிடையாது, அதிகாரிகள் ஆட்சிதான். 2019 டிசம்பரில் தேர்வான மதுரை மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிய, அங்கேயும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

எதற்கு யாரிடம் போவது?

குப்பை, தெருவிளக்கு, குடிநீர், வீட்டு வரி: நகரத்துக்குள் வார்டு கவுன்சிலர் அல்லது மண்டல அலுவலகம், வெளியே ஊராட்சி அலுவலகம். பட்டா என்றால் இரண்டு பக்கமும் தாலுகா ஆபீஸ்தான். மாட்டுத்தாவணியை ஒட்டிய வண்டியூர் கண்மாய் நகருக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் கண்மாய் நீர்வளத்துறையுடையது. அதனால் கரையில் குப்பை கிடந்தால் மாநகராட்சி, மதகு பழுதானால் நீர்வளத்துறை.