எப்போதும் திருப்தியடையாதவளும் எங்கள் வாசல் அம்பாசிடரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீட்டு அம்பாசிடரை திருமலைராயன்பட்டினத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். 1996 மாடல், டீசல். 2003-இல் காரைக்காலில் ஒரு டாக்டரிடம் வாங்கினேன். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்களைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போயிருக்கிறது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது உறவுக்காரப் பெரியவர்களை மணல் தொடங்கும் இடம் வரை கொண்டுபோய் விடுவதும் இதுதான். இந்த வருடம் அதற்கு மறுபதிவு வருகிறது. சென்னையிலிருந்து மகன் போனில் சொன்னான்: "அப்பா, போதும்பா. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்துருவோம். பாதிப் பணம் நான் தரேன்." காயலான்கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டு முப்பத்தைந்தாயிரம் என்றார்.

எனக்குக் கார் பைத்தியம் உண்டு என்பது தெரிந்ததுதான். அதனால் உடனே சண்டைக்குப் போகாமல் இந்த மின்சாரக் காரின் பூர்வீகத்தைக் கொஞ்சம் புரட்டினேன். மகன் நினைப்பதுபோல அது நேற்றுப் பிறந்த குழந்தை இல்லை. என் அம்பாசிடருக்குக் கொள்ளுப்பாட்டி முறை.

1899-இல் பாரிஸ் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர், டார்பிடோ குண்டுபோல் இருந்த ஒரு வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போனார். சாலையில் ஓடும் வண்டி ஒன்று 100-ஐத் தாண்டியது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அது மின்சார வண்டி. பெயர் 'லா ஜமே கோந்தாந்த்'. எப்போதும் திருப்தியடையாதவள் என்று அர்த்தம். அந்த வருடம் எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்தான் இருந்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்த காஸ்தோன் ப்ளாந்தேயும் பிரெஞ்சுக்காரரே. இன்றைக்கும் என் அம்பாசிடரை ஸ்டார்ட் செய்வது அவருடைய பேட்டரியின் வாரிசுதான்.

அமெரிக்காவில் 1900-ஆம் வருடம் செய்த கார்கள் மொத்தம் 4,192. அதில் நீராவிக் கார் 1,681, மின்சாரக் கார் 1,575. பெட்ரோல் கார் வெறும் 936. மூன்றாவது இடத்தில் இருந்தவன் முதல் இடத்துக்கு எப்படி வந்தான்? பெட்ரோல் வண்டியை முன்னால் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். அது திருப்பி அடித்தால் கை முறியும். மின்சார வண்டியில் சத்தமில்லை, புகையில்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றவர் வீட்டு நிலைமை அது!

1901-இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது, பெட்ரோல் மலிந்தது. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்து விலை வருடா வருடம் இறங்கியது. 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் ஏறியது. கைப்பிடி சுற்றும் கஷ்டத்தை ஒழித்தது ஒரு சின்ன மின்சார மோட்டார். அந்த மோட்டார்தான் மின்சாரக் காரையும் ஒழித்தது. அதே காலத்தில் மின்சார ரோட்ஸ்டர் ஒன்று 1,750 டாலர், பெட்ரோல் கார் 650 டாலர். மின்சாரக் கார் தொழில்நுட்பத்தில் தோற்றது என்பதைவிட விலையிலும், போய்ச் சேரும் தூரத்திலும், வழியில் எங்கே நிரப்புவது என்ற கேள்வியிலும் தோற்றது என்பதே சரி. மகனுக்கு இதை அப்படியே அனுப்பினேன். "அதெல்லாம் நூறு வருஷக் கதைப்பா" என்றான். நூறு வருடம் கழித்தும் எங்கள் தெருவில் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மறந்துபோன கதை உண்டு. கோயம்புத்தூரில் 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர் மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர் வாங்கியது. 1993-இல் 'லவ்பேர்டு' என்று இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன மின்சாரக் கார் வந்தது. கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் செய்தார்கள். எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து செய்தது. ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், பாராட்டும் கிடைத்தது. ஆனால் மிகச் சில வண்டிகளே விற்றன. 2001-இல் பெங்களூரில் ரேவா வந்தது. அது லண்டன் தெருக்களில்கூட ஓடியது. நம் ஊர்த் தெருக்களில்தான் அதிகம் ஓடவில்லை.

அப்போது நம் ஆட்கள் எதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்? அம்பாசிடர், ஃபியட், மாருதி. அதற்கு முன்னால் நம் மெட்ராஸ் கார் ஒன்று இருந்ததே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு! வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் 1961 முதல் செய்தார்கள். பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மூக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முதலை வாய் பிளப்பதுபோல் திறக்கும். சின்ன வயதில் காரைக்காலில் ஒரு வக்கீல் வீட்டு வாசலில் அதைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து நான் பள்ளிக்கூடம் போகவே மறந்தேன். 1985-இல் அதே கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது. வெளியே புது ரோவர் உடம்பு, உள்ளே பழைய காலத்து என்ஜின். 1988-இல் கதவை மூடியாயிற்று. உடம்பைப் பளபளப்பாக்கி உள்ளிருப்பதை மாற்றாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அம்பாசிடரும் அந்தப் பாவத்தைச் செய்ததுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை எடுத்து 1950-களின் கடைசியில் வங்காளத்தின் உத்தரபாராவில் தொடங்கி, 2014 மே வரை ஏறக்குறைய அதே உருவத்தில் செய்தார்கள். நான் அதன் ரசிகன்தான், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பிரேக் பிடித்தால் யோசித்து நிற்கும். மழை பெய்தால் வண்டிக்குள்ளும் பெய்யும். 1980-களில் வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் விற்ற கார், கடைசி நிதியாண்டில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? பிரான்சின் பெஜோ கம்பெனி. 1954-இல் நம்மை விட்டுப் போனவர்கள் 63 வருடம் கழித்து வந்து என் காரின் பெயரை வாங்கிவிட்டார்கள்! அதே குடும்பத்தைச் சேர்ந்த சிட்ரோயன், இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய திருவள்ளூர்த் தொழிற்சாலையில்தான் இப்போது மின்சாரக் கார் செய்கிறது. சரித்திரத்துக்கும் சிலேடை தெரியும்போல. காளமேகம் கால்வைத்த ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது விற்பனைக்கு வருகிறேன். மின்சார வண்டி விற்பனை பறக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். எது பறக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2024-25 நிதியாண்டில் நம் நாட்டில் விற்ற மின்சார ஸ்கூட்டர், பைக்குகள் சுமார் 11.5 லட்சம். மின்சாரக் கார் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதே வருடம் மொத்தம் விற்ற கார், வேன் வகை சுமார் 43 லட்சம். நூற்றுக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பது மின்சாரம். ஆனால் அவர்கள் வரிச்சலுகையை 1990-லேயே தொடங்கிவிட்டார்கள். மின்சாரமும் அருவியிலிருந்து வருகிறது.

நமக்கு எதிலிருந்து வருகிறது? எங்கள் ஊர் போலகத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. நம் காவிரிப் படுகைக்குள்ளிருந்து எடுக்கும் வாயுதான் அதற்குத் தீனி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். அது முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 32,500 யூனிட். சின்ன மின்சாரக் காருக்கு 30 யூனிட் பேட்டரி. வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஆயிரம் கார் நிரம்பும். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு காரும் 200 கிலோமீட்டர் போகும். ஆக, மின்சாரக் காரும் பூமிக்குள்ளிருந்து எடுப்பதைத்தான் தின்கிறது, ஆனால் என் வண்டியைவிடச் சிக்கனமாகத் தின்கிறது. என் காரின் புகைக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் பாதி செல்போன்கள் இந்த அம்பாசிடரின் பேட்டரியில்தான் உயிர் பிழைத்தன. அன்றைக்கு மின்சாரக் கார் இருந்தால் சார்ஜுக்கு எங்கே போவாய் என்று மகனைக் கேட்டேன். "அப்பா, புதுசா வர்ற சில காரிலிருந்து வீட்டுக்கே கரண்ட் எடுக்கலாம்" என்றான். கணக்குப் போட்டேன். என் வீட்டுக்கு நாளைக்கு ஆறு யூனிட். 30 யூனிட் இருந்தால் ஐந்து நாள். இந்த இடத்தில் பையன் ஜெயித்தான்.

ஆனால் ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் உறவுப் பெண் ஒருத்தி மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். எட்டாவது மாதம் நின்றுபோனது. விற்ற கடை மூடிக் கிடந்தது. கும்பகோணத்துக்கு ஏற்றி அனுப்பி நாற்பது நாள் காத்திருந்தாள். அவள் வேலைக்குப் போவதே அந்த வண்டியில்தான். எங்கள் மெக்கானிக் பாயிடம் காட்டினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்க வண்டியில கை வைக்க வேலை இருக்கு. இதுல லேப்டாப் வைக்கத்தான் வேலை. அந்த லேப்டாப்பை எங்களுக்குத் தர மாட்டாங்க." காளமேகம் சபித்து மண்மாரி பெய்த ஊர் இது என்பார்கள். கார் வைத்திருப்பவனுக்கு மண்மாரியைவிட உப்புக்காற்றுதான் சாபம். தரைத்தகடு இரண்டு முறை அரித்துவிட்டது. இரண்டு முறையும் பாய் வெட்டி ஒட்டினார். பிரிக்க முடிகிற பொருளாக இருப்பதால்தான் முப்பது வயதிலும் என் வண்டி நடமாடுகிறது. மின்சாரக் காருக்கும் இந்த வசதியைக் கொடுங்கள், நானே முதலில் வரிசையில் நிற்கிறேன்.

இன்னொன்று, விதியில் உள்ள ஒரு வேடிக்கை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் ஆன, அசல் உருவம் மாறாத கார் 'விண்டேஜ்'. பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்து மறுபதிவுக்கு 5,000. என் காரோ முப்பது வயதுக்காரன். 2021-இல் மறுபதிவுக்கு 600 ரூபாய் கட்டினேன். இருபது வருடம் தாண்டிய காருக்கு இப்போது 10,000. நூதனப் பொருளாகக் கண்காட்சிக்கு நிற்கும் காருக்குக் குறைவு, ஊருக்கு உழைக்கும் காருக்கு அதிகம். ஐம்பதைத் தொட்டால் மரியாதை உண்டு, ஆனால் தொடும் வரை ஒவ்வொரு ஐந்து வருடமும் அபராதம்போல் கட்டணம். என் கார் விண்டேஜ் ஆவது 2046-இல். எனக்கு அப்போது 84. புகைச் சோதனையைக் கடுமையாக்குங்கள், தேறாத வண்டியை நிறுத்துங்கள், நான் எதிர்க்கவில்லை. வயதை மட்டும் பார்த்துக் கழிப்பதுதான் உறுத்துகிறது. 58 வயதில் ஓய்வூதிய ஆணையை வாங்கியவனுக்கு அது புரியும்.

மகனோடு போன ஞாயிறு பேசி முடித்தோம். காரைக்கால் கடைத்தெருவுக்கும் பேங்குக்கும் நான் ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் எடுக்கிறோம். ஒரே நிபந்தனை, சர்வீஸ் காரைக்காலிலேயே இருக்க வேண்டும். மின்சாரக் கார் அவன் சென்னையில் அவனுக்கு எடுத்துக்கொள்ளட்டும். அம்பாசிடருக்கு நான் பத்தாயிரம் கட்டுகிறேன். சோதனைக்குப் போகும் முன் பாய் ஒரு வாரம் வண்டியைக் கேட்டிருக்கிறார்.

அதற்கு ஒரு சாமான் மட்டும் கிடைக்கவில்லை. இடதுபக்க முன்கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்குமே, அதன் ரப்பர் பீடிங். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் மூன்றிலும் விசாரித்துவிட்டேன். உங்கள் ஊர்ப் பழைய கடைகளில் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விலையும் பஸ் பார்சல் செலவும் உடனே அனுப்பிவிடுகிறேன்.