மாநாட்டு மண்டபமும் மலைநாட்டு ரயிலும்

செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு பதுளையில் இரவு ரயில் ஏறினால், எங்களிடம் வரும் முதல் கேள்வி: "சேர், அந்த மண்டபம் யாருடையது?"

பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பு. திறந்தது 1973 மே 17இல். நிர்வகிப்பது, 1975இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான பண்டாரநாயக்க தேசிய ஞாபகார்த்த மன்றம். 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு அங்கேதான். இன்று வாடகைக்கு விடுகிறார்கள்: பட்டமளிப்பு, கண்காட்சி, கல்யாணம். ஈஸ்டர் தாக்குதல் பற்றிய ஆணைக்குழுவும் அங்கேதான் இருந்து சாட்சியம் கேட்டது.

மண்டபம் திறந்த அதே 1973, 74இல் எங்கள் தோட்டங்களில் பஞ்சம். கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன. லயன்களில் சாவு கூடியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த தேயிலையைக் கொய்த கைகள் அவை! சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆயிரக்கணக்கானோர் தலைமன்னாருக்குப் பெட்டி கட்டியதும் இதே மலைநாட்டு ரயிலில்தான்.

இதைச் சொல்லி முடிக்க, "எங்க தாத்தாவோட அண்ணன் அப்பதான் ராமேஸ்வரம் போனாராம் சேர்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அதற்குள் ரயில் தெமோதரையைத் தாண்டியிருக்கும்.