மலையகத்தில் ‘அந்தோனி’: ஒரு பெயரின் வரலாறு

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் அந்தோனி, அந்தோனிசாமி, அந்தோனிமுத்து முதலான ஆண்பெயர்கள் வெள்ளைத் துரைமார் வழியாக வந்தவை என எண்ணத் தோன்றலாம். பெயரின் ஒலியமைப்பு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது என்பதே எமது கருத்து.

‘அந்தோனியுஸ்’ என்பது பண்டைய உரோமக் குடிப்பெயர்களுள் ஒன்று. கி.மு. 30இல் மாண்ட மார்க் அந்தோனி அக்குடியினனே. இலத்தீனுக்கு முந்திய எத்துருஸ்க மொழியே அதன் மூலமாகலாம் என்பர். ஆளுங்குடியின் இப்பெயரை மக்கள் பெயராக்கியோர் துறவியர். எகிப்தியப் பாலைவனத் துறவி அந்தோனியார் கி.பி. 356இல் மறைந்தார். இலிசுபனில் பிறந்த பெர்னாந்து, 1220இல் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தபோது அவர் பெயரையே ஏற்றார். 1232இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பதுவை அந்தோனியார் இவரே.

போர்த்துக்கேயரின் ‘அந்தோனியு’விலுள்ள பல்லொலித் தகரம் தமிழில் மாறாது நின்றது. ஆங்கில வழியாக வந்திருப்பின் அப்பெயர் ‘ஆன்டனி’ என்றோ, ஈழத்து வழக்கில் ‘அன்ரனி’ என்றோ அமைந்திருக்கும். ஆகவே, ‘அந்தோனி’ ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்ட தொடர்பின் சான்றாகும். முத்துக்குளித்துறையில் 1530களில் பரவர் திருமுழுக்குப் பெற்றனர். மதுரை மிசன் 1606இல் தொடங்கிற்று. பின்னர்த் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய தொழிலாளருள் கத்தோலிக்கரும் இருந்தனர். முதலிற் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் அதற்குமாக வந்த அம்மக்கள், தம் பெயரை ஊரிலிருந்தே கொண்டுவந்தனர். ‘சாமி’, ‘முத்து’ என்னும் ஈறுகளும், ‘அந்தோனியம்மாள்’ என்னும் பெண்பாற் பெயரும் அது முற்றிலும் தமிழாகிவிட்டதைக் காட்டுகின்றன.

தோட்டத்தில் ‘பேர் பதிதல்’ என்பது வேலைக்குச் சேர்தலைக் குறிக்கும். அங்கே பெயர் உழைப்பைக் கணக்கிடும் கருவியாயிற்று. லயத்தில் அந்தோனியாக இருந்தவன், ஆங்கில எழுத்தில் பதியப்பட்டபோது வேறு வடிவம் பெற்றான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கேட்டது. ஒரே ஆளின் பெயர் ஈரேடுகளில் ஈருருவில் நின்றால், இரண்டும் தானே என நிறுவும் பொறுப்பு விண்ணப்பித்தவனையே சார்ந்தது. ஏடு எழுதியவன் வேறு. அதன் பிழைக்கு விடைகூற வேண்டியவன் வேறு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்ப்பதற்கென ஒதுக்கியது. அங்கே பெயர்கள் மறைந்து தொகைகளே எஞ்சின.

2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க வழிசெய்தது. உரோமிலிருந்து வந்த சொல்லொன்றைத் தமிழ் எவ்விதச் சான்றும் கேளாது தன்னுடையதாக்கிக் கொண்டது. அப்பெயரைத் தாங்கி மலையை வளமாக்கிய மனிதனுக்கோ, ஐம்பத்தைந்து ஆண்டுகள் சான்று தேவைப்பட்டது. மலையகப் பெயர்களை ஆராய்வது இவ்வரலாற்றையும் ஆராய்வதாகும் என்பதே எமது துணிபு.