ஆறு நாழி நெல்

உப்பு விளையும் எங்கள் ஊரான மரக்காணத்திலிருந்து இரண்டு நாள் நடைத் தூரத்துக்குள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மூன்று உயர்கல்விக் கூடங்கள் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகப் போயின. பதினோராம் நூற்றாண்டில் திருபுவனையில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள்.

இவற்றில் எண்ணாயிரத்துக் கல்வெட்டுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. அது 270 மாணவர்களைக் கீழ்நிலையில் வைக்கிறது. அவர்களுக்கு வேதங்கள், பௌதாயன சூத்திரம், ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல். மேல்நிலையில் 70 பேர்: வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. இன்றைய பேச்சில் சொன்னால் அந்த 70 பேரும் முதுகலை மாணவர்கள். கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. கீழ்நிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி என்று அளந்தும் சொல்கிறது. இந்தச் செலவுக்கென்று 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. மேலே படிக்கிறவனுக்குச் சோறு கூடுதலாக வேண்டும் என்பது சோழர் காலத்துச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த நெல் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே அளக்கப்பட்டது. உப்பு விளைவித்த குடிகளுக்கு அங்கே இடமில்லை. எந்தக் கூடத்தில் சேரலாம் என்ற கேள்வியே இந்தக் கரையில் பல நூற்றாண்டுகள் எழவில்லை.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை எங்கள் ஊர். உப்பு ஏற்றிய படகுகள் அந்த வழியாகச் சென்னைக்குப் போயின. அந்தத் திசையில் படிக்கப் போன உப்பளப் பிள்ளை ஒருவரைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. திண்டிவனம் போய் ரயில் ஏறினால் சிதம்பரம் எட்டிவிடும் தூரம்தான். விடுதிக் கட்டணம்தான் எட்டாத தூரம்.

1985-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு காலாப்பட்டில் வளாகம் அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் 1990-களின் இறுதியில் சீரானபின், பேருந்தில் போய்ப் படித்துவிட்டு இரவுக்குள் மரக்காணம் திரும்பலாம் என்ற நிலை வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கிறது என்பது அப்போதுதான் உண்மையானது. நடுவில் எல்லைக்கோடு ஒன்று உண்டு. அங்கே சில பாடங்களில் நாலில் ஒரு பங்கு இடம் புதுச்சேரிக்காரர்களுக்கு. பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள் மீதி இடங்களுக்கு நாடெங்கிலும் இருந்து வருபவர்களோடு போட்டியிட வேண்டும்.

நான் வேதியியல் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது என் முன்னால் மூன்று ஊர்கள் இருந்தன: சென்னை, சிதம்பரம், காலாப்பட்டு. கல்லூரியில் எல்லோரும் பெயரைப் பார்க்கச் சொன்னார்கள். என் அம்மா மாதத்தைப் பார்க்கச் சொன்னார். அம்மா உப்பளத்தில் கூலிவேலை செய்தவர். தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சீராக்குவார்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை, வெயில் ஏறுமுன் பலகையால் உப்பை வரப்போரம் இழுத்து, நீர் வடிந்ததும் கூடையில் அள்ளி மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். ஐப்பசி பிறந்தால் பாத்தி மழையில் மூழ்கிவிடும், கூலி நின்றுபோகும். அதனால் அம்மா கேட்டது ஒன்றைத்தான்: "ஆவணி வரைக்கும் கேளு கண்ணு, தரேன். ஐப்பசி, கார்த்திகையில துட்டு கட்டச் சொல்ற எடமா அது?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். முதல் பருவத் தேர்வுக் கட்டணமும் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கும் கேட்பார்கள் என்றால், அது மழை மாதங்களில்தான். வீட்டுச் சோறு தின்றுகொண்டு படிக்க முடிந்த இடம் காலாப்பட்டு. அங்கேயே சேர்ந்தேன்.

இன்று அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். எங்கே சேரலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: முதுகலையின் இரண்டு ஆண்டுகள்தான் செங்குத்தான படி, அங்கே யாரும் நெல் அளப்பதில்லை. அதை வீட்டுக்குப் பக்கத்தில், கடன் இல்லாமல் ஏறு. முடித்ததும் நெட் தேர்வெழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால், 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது கையில் இருந்தால் எவ்வளவு தூரமும் போகலாம். குஜராத்தின் பவநகரில் 1954 முதல் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. பாத்தியில் பிறந்த அறிவோடு ஒரு மரக்காணத்துப் பெண் அங்கே போய் உப்பை ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மழை மாதங்களில் இந்த வீடுகளில் அடுப்பு எரிவது கடினம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அதே கணக்கு கல்விக்கும் வர வேண்டும். பிள்ளைகளின் உதவித்தொகை புரட்டாசி முடியுமுன் கையில் சேர வேண்டும். எந்தக் கட்டணம் எந்த மாதம் என்பதைச் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிட வேண்டும். எண்ணாயிரத்துச் சபை பாடத்தையும் நெல்லையும் ஒரே கல்லில் பொறித்தது. அன்று சிலருக்கு மட்டும் கிடைத்த அந்த உறுதி, இன்று உப்பளத்துப் பிள்ளைகளுக்கும் உரியது.