கனவு அணியில் இடம்பெறாதவர்

எக்காலத்துக்குமான சிறந்த இந்திய அணியைக் கற்பனையில் தேர்ந்து மோதவிடுவது கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழகிய விளையாட்டு. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளருக்கான இடம் அதில் பெரும்பாலும் வினு மன்காட்டுக்கோ பிஷன் சிங் பேடிக்கோ செல்கிறது. பல்வங்கர் பாலுவின் பெயர் அரிதாகவே எழுகிறது.

1876இல் தார்வாடில், தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர் பாலு. புணேயில் ஐரோப்பியர் மன்றத்தின் பணியாளராக இருந்தபோது ஆங்கிலேய மட்டையாளர்களுக்குப் பந்து வீசியே தேர்ச்சி பெற்றார். 1911இல் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். புணே இந்து அணியிலோ, அவர் தொட்ட பந்தைத் தொட்டு ஆடியவர்களே தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி, தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்து அணிக்கும் அவர் தலைவராக நியமிக்கப்படவில்லை. அப்பொறுப்பு 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

பாலுவை அவரினும் நான்கே ஆண்டு மூத்த ரஞ்சித்சிங்ஜிக்கு எதிராகப் பந்துவீசச் செய்து பார்க்கலாம். அரச குலத்தவரான ரஞ்சி இங்கிலாந்துக்காக 15 டெஸ்டுகள் ஆடி 989 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியாவின் முதல் டெஸ்ட் நடந்த 1932இல் பாலுவுக்கு வயது 56. டெஸ்ட் புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு இம்மோதலைத் தீர்மானித்தால் பாலு ஒரு பந்துகூட வீசாமலே தோற்றுவிடுவார். கனவு அணியைத் தேர்வோர், திறமையோடு வாய்ப்பின் வரலாற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும்.