பாவையின் சிரிப்பும் நாவலின் மௌனமும்

காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறும் வெளியூர்க்காரர் ஏற்கனவே ஒரு கதையோடுதான் ஏறுகிறார்: சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை. மாயநாவல் எழுத இதைவிட நல்ல விதை கிடைக்காது என்று தோன்றும். ஆனால் எந்தப் பாவை?

குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு காட்டும் பாவை தலைவியின் பேரழகுக்கு உவமை. தெய்வம் எழுதியது என்கிறது ஒரு பாட்டு, பூதம் செய்தது என்கிறது இன்னொன்று. காற்றும் மழையும் அடித்தாலும் உருக்குலையாமல் நிற்கும் அழகு அது. சிரித்துக் கொல்லும் காவல் யந்திரமாக அவள் ஆனது பிற்காலத்து வழக்கில். இன்று எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பாரும் உண்டு. ஆக மூலக்கதை என்று ஒன்றில்லை. சொல்லச் சொல்ல மாறிய கதையாடல்தான் உண்டு. நாட்டார் கதையின் உயிரே இதுதான்.

தமிழ் நாவல் இந்த உயிரோடுதான் பிறந்தது. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஆண்வேஷம் போட்ட ஞானாம்பாளை யானை மாலையிட்டு ராஜாவாக்குகிறது. இதைக் குறை என்று சொல்லித்தான் நம் விமர்சனம் யதார்த்தவாதத்துக்கு மகுடம் சூட்டியது. துரத்தப்பட்ட ராஜகுமாரிகளும் பூதங்களும் 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் தஞ்சம் புகுந்தார்கள். பெரியவர்களின் கதை குழந்தைகளின் கதையாகச் சுருங்கியது.

பிறகு மார்க்வெஸ் வந்தார். தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985), ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997), கோணங்கியின் 'பாழி' (2000) என்று மாயம் திரும்பியது. பாட்டி சொன்னால் மூடக்கதை, கொலம்பியாக்காரர் சொன்னால் மாய யதார்த்தமா என்ற கேள்வி அன்று சும்மா எழவில்லை. இருந்தாலும் கதவு திறந்தது உண்மை.

இங்கேதான் சிக்கல். டோல்கீன் இளமையில் 'கலேவலா'வின் குல்லெர்வோ கதையை எடுத்துத் திருப்பி எழுதிப் பார்த்தார். அவருக்கு முன்பே லொன்ரோட் ஊர் ஊராக நடந்து, பாடுபவர் வாயிலிருந்து கேட்டு, 1835இல் அதை நூலாக்கியிருந்தார். நம்மிடமும் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் திரட்டினார், கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுக் கதைகளைத் தொகுத்தார். அவற்றில் சொல்பவரின் மொழி கேட்கிறது. கொல்லிமலையை எழுதும் தொடர்கதைக்காரருக்கோ சித்தர், மூலிகை, மர்மம் இருந்தால் போதும். மலையாளிப் பழங்குடிகள் வழிகாட்டியாக வந்து, இரண்டாவது அத்தியாயத்தில் காணாமல் போவார்கள்.

அவர்களுக்கென்று கதை இல்லாமலா? காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு, ஆளுக்கொரு மலை ஏறிய கதையை 1909இல் தர்ஸ்டன் பதிவுசெய்தார். அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் வெட்டிய மீன் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நீந்திய கதை இன்னும் வழங்குகிறது. ஒன்று குடிபெயர்ந்தவர்களின் நினைவு. மற்றது மீனைத் தின்னாமல் விட்டதற்கான நியாயம். இரண்டிலும் மாயம் அலங்காரம் இல்லை, வாழ்க்கையின் கணக்கு. அந்தக் கணக்கை உருவிவிட்டு மாயத்தை மட்டும் இறக்கிக் கொண்டுவந்தால் அது மூட்டை கட்டின மிளகு மாதிரி: சரக்கு நம்முடையது, கொடி அங்கேயே.

கதையை மாற்றக்கூடாது என்பதில்லை. பாவையே மாறித்தான் பிழைத்தாள். ஆனால் மாற்றியவர்கள் அவளைச் சுமந்து வாழ்ந்தவர்கள். அந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்கும் நாவல் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். அது மலையிலிருந்தே வரட்டுமே.